என் கையைப் போட்டுக்கொண்ட பிள்ளைகள்

அந்த முகாமில் எனக்கு எரிச்சல் வராத நாள் என்று ஒன்றுகூட இல்லை. முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. கயத்தாறு பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே, ஆடு மேய்க்கிறவர்களைத் தவிர யாருக்கும் வேண்டாமல் கிடந்த பழைய ஓடுதளம் ஒன்றைச் செப்பனிட்டு, ‘ககனம் கோடை விமான முகாம்’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். பதினோரு பிள்ளைகள். கொண்டுவிட வந்த பெற்றோர். எல்லோரையும் மே மாத வெயிலில் தகரக் கொட்டகைக்குள் உட்காரவைத்துவிட்டு, முகாம் மேலாளர் செல்வின் மைக்கை விடவே மாட்டேன் என்கிறான். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். பேச்சு முழுக்க என் கையைப் பற்றி.

“கேப்டன் மங்கையர்க்கரசி மேடம் முப்பத்தி மூணு வருஷம் விமானம் ஓட்டினவங்க. பதினாறாயிரம் மணி நேரம்! அந்தக் கையோடதான் உங்க பிள்ளைங்க பதினஞ்சு நாள்ல வீட்டுக்கு வரப்போறாங்க.”

முன்வரிசையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் எழுந்தார். கழுகுமலைக்காரர், லாரி ஓட்டுநர். “எனக்கு வெளங்கல சார். அவிய கை எம்மவளுக்கு எப்பிடி வரும்?”

செல்வின் ஒரு சாம்பல் நிறக் கையுறையைத் தூக்கிக் காட்டினான். “அண்ணாச்சி, நீங்க கியர் மாத்தும்போது யோசிச்சா மாத்துறீங்க? கை தானா போகுதுல்ல? அந்த ‘தானா’ இருக்கே, அதைத்தான் மேடம்கிட்ட இருந்து எடுத்து இதுக்குள்ள வச்சிருக்கோம். மூணு மாசம், திரை வச்ச மாதிரி விமானத்துல அவங்கள உக்காரவச்சு எடுத்தது. பிள்ளைங்க மதியம் ரெண்டு மணி நேரம் இதைப் போட்டுக்கிட்டுப் படுத்தா போதும். உள்ள ஓடுற கரண்ட் நரம்புக்குச் சொல்லிக் குடுத்துரும். எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.”

“நான் இருவது வருசமா ஓட்டுதேன். எங்கையக் குடுத்தா இவ லாரி ஓட்டிருவாளோ?”

“நாளைக்கே ஓட்டுவா!”

கொட்டகையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை பேசச் சொல்லவில்லை. பேசுவதற்கு வாயை எங்கே கேட்டார்கள், கையைத்தானே கேட்டார்கள்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அதற்குச் சம்மதித்தது தற்பெருமையில்தான். அறுபத்தோரு வயது, முழங்கால் போய்விட்டது, எந்த விமானத்தையும் ஓட்டவிட மாட்டார்கள். “உங்களுக்குப் பிறகும் உங்க கை பறந்துக்கிட்டே இருக்கும் மேடம்” என்று செல்வின் வீட்டுக்கே வந்து சொன்னான். மயங்கிவிட்டேன்.

ஐந்தே நாள். மாதிரி விமானத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் பஞ்சு வைத்ததுபோல் இறக்கினார்கள். நான் நாலு வருடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டதை, கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே செய்தார்கள். காற்று ஏன் தூக்குகிறது, இறக்கை ஏன் வளைந்திருக்கிறது என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! நான் கரும்பலகையில் படம் போட்டால் கொட்டாவி விட்டார்கள். கேட்டது ஒரே ஒருத்திதான், அந்த லாரி ஓட்டுநரின் மகள் முப்பிடாதி. பதினைந்து வயது. கேள்விமேல் கேள்வி கேட்டு என் உயிரை எடுப்பாள். எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று காட்டிக்கொள்ளவில்லை, அது என் வழக்கமில்லை.

முகாமின் கடைசி நாளுக்குச் செல்வின் ஒரு காட்சி வைத்திருந்தான். பிள்ளைகளில் ஒருவர் நிஜமான இரண்டு இருக்கை விமானத்தைத் தனியாக எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, இறக்க வேண்டும். கையுறை வந்த பிறகு பதினைந்து வயதிலேயே அதற்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஓட்டிக் காட்டுகிற பிள்ளைக்கு விமானப் பள்ளியில் படிப்பு முழுக்க இலவசம். முப்பிடாதியைத்தான் தேர்ந்தெடுத்தான். அவளுடைய அப்பா போனில் அழுதாராம்.

எட்டாம் நாள் மாதிரி விமானத்தில் ஜோடிப் பயிற்சி. ஒருவர் ஓட்ட வேண்டும், பக்கத்தில் இருப்பவர் கண்ணாக இருக்க வேண்டும். இறங்கும்போது ஏதாவது தப்பாகத் தெரிந்தால் பக்கத்தில் இருப்பவர் “கோ அரவுண்ட்” என்று கத்துவார். இறங்காதே, மேலே போ என்று அர்த்தம். கேட்ட மாத்திரத்தில் ஓட்டுபவர் எஞ்சின் வேகத்தைக் கூட்டும் விசைப்பிடியை முன்னால் தள்ளி மேலே ஏற வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது, காரணம் கேட்கக் கூடாது.

முப்பிடாதி ஓட்டினாள். மேலப்பாளையத்துப் பையன் அன்வர் பக்கத்தில். திரையில் ஓடுதளத்தின் குறுக்கே ஆடுகளை விட்டேன்.

“கோ அரவுண்ட்!” என்றான் அன்வர்.

அவள் கை விசைப்பிடிமேல் அப்படியே இருந்தது. பிறகு தள்ளினாள், அழகாகத்தான் தள்ளினாள், அதற்குள் திரையில் ஆட்டு மந்தைக்குள் போய்விட்டாள்.

“என்ன பொம்பள நீ? காதுல என்ன பஞ்சா?” என்று கத்தினேன்.

“கேட்டுச்சு மிஸ். தள்ளணும்னுதான் நெனச்சேன். கை கேக்க மாட்டேங்கு.”

“கை கேக்கலையா? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்! மறுபடி போடு.”

மறுபடியும் அதேதான். அவளை எழுப்பிவிட்டு அன்வரை உட்காரவைத்தேன். அதேதான். அன்று மாலைக்குள் பதினோரு பேரையும் உட்காரவைத்துத் தொண்டை வற்றக் கத்திவிட்டேன். அவர்களாகவே ஆட்டைப் பார்த்தால் கை சட்டென்று தள்ளுகிறது. பக்கத்தில் இருப்பவர் சொன்னால் மட்டும் நிற்கிறது. கடைசியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எல்லோரையும் மறுபடி ஓட்டச் சொன்னேன். முதல் பிள்ளைக்கு நான்கு விநாடி. இரண்டாவது பிள்ளைக்கும் நான்கு. பதினொன்றாவது பிள்ளைக்கும் நான்கு.

பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பிவிட்டு, அன்வரை மட்டும் நிறுத்தி, கடிகாரத்தை அவனிடம் கொடுத்துவிட்டு, நானே மாதிரி விமானத்தில் உட்கார்ந்தேன். “எப்ப வேணா சொல்லுடா” என்றேன். இறக்கிக்கொண்டு வந்தேன். தளம் அருகில் வந்தது.

“கோ அரவுண்ட் மிஸ்!”

அந்தப் பொடியன் குரல் காதில் விழுந்ததும் வயிற்றிலிருந்து ஒரு கடுப்பு எழுந்தது. இவன் எனக்குச் சொல்வதா? அந்த எண்ணம் முழுதாக எழுந்து அடங்கும்வரை என் கை நகரவில்லை. பிறகு, மகாராணி தானாகவே முடிவெடுத்ததுபோல், நிதானமாகத் தள்ளியது.

“மிஸ், உங்களுக்கும் நாலு!” என்றான் அன்வர். சந்தோஷமாகச் சொன்னான் பாவம். அவனையும் சாப்பிட அனுப்பிவிட்டேன்.

அந்த நான்கு விநாடியை எனக்கு முன்பே தெரியும்.

பதினோரு வருடங்களுக்கு முன்பு, ஒரு சின்னப் பயணிகள் விமானத்தைக் கடலோர ஊர் ஒன்றில் இறக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் துணை விமானி வைரவன். காரைக்குடிப் பையன், வேலைக்கு வந்து ஏழு மாதம். பக்கவாட்டுக் காற்று அடித்து விமானம் தளத்தை விட்டு விலகுவதை அவன்தான் முதலில் பார்த்தான். “கோ அரவுண்ட், மேடம்” என்றான். நேற்று வந்தவன் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறானா என்று கடுப்பு வந்தது. கை நின்றது. நான் தள்ளுவதற்குள் வலது இறக்கை தரையில் உரசிவிட்டது. எல்லோரும் பிழைத்தார்கள், சொர்ணம் என்கிற பள்ளிக்கூட ஆசிரியையைத் தவிர.

அந்தச் சின்ன விமானத்தில் குரலைப் பதிவு செய்யும் கருவி கிடையாது. விசாரணையில் என்னைக் கேட்டார்கள். “துணை விமானி தாமதமாகச் சொன்னார். சொன்ன உடனே தள்ளிவிட்டேன்” என்றேன். வைரவனைக் கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான், பிறகு மேசையைப் பார்த்தான். “எனக்கு நேரம் சரியா ஞாபகம் இல்ல சார். மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றான். அவனுடைய உரிமத்தைப் பிடுங்கினார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். எனக்கு அடுத்த மாதமே பெரிய விமானம் கொடுத்தார்கள்.

இந்தப் பதினோரு வருடத்தில் அதை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் என் கையில் அது குடியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் திமிரைப் பதினோரு குழந்தைகளுக்கு மாட்டிவிட்டிருக்கிறேன்.

மறுநாள் காலையிலேயே செல்வினிடம் போனேன். விஷயத்தை முழுதாகச் சொல்லவில்லை. “கையில ஒரு தப்பு இருக்கு. யாராவது சொன்னா நாலு விநாடி நிக்குது. முப்பிடாதியத் தனியா அனுப்பாதே” என்றேன்.

அவன் கணினியைத் திருப்பிக் காட்டினான். “மேடம், நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு. இதுக்கு மேல ஒரு கை கிடையாது.”

“உன் கணினி கை நகர்ந்த பிறகுதான் மார்க் போடுது. நகராம நின்னதை அது எண்ணவே இல்ல.”

“நம்ம பொண்ணு தனியாத்தானே போகுது? பக்கத்துல கத்த யாரு இருக்கா?”

“கீழே இருந்து ரேடியோவுல சொல்லுவீங்கல்ல? காத்து மாறினா சொல்லுவீங்க, ஆடு வந்தா சொல்லுவீங்க. அப்ப நிக்கும்யா!”

“நீங்க சும்மா டென்ஷன் ஆகுறீங்க மேடம்.”

வேறு வழியாக முயன்றேன். மூன்று நாள் முப்பிடாதியைத் தனியாக உட்காரவைத்து, “கோ அரவுண்ட், கோ அரவுண்ட்” என்று கத்திக் கத்தி அந்த நான்கை மூன்றாக்கவாவது பார்த்தேன். அந்தப் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு தன் கையோடு மல்லுக்கு நின்றது. ஒருமுறை இடது கையால் வலது கையை அடித்தாள். நான்கு நான்காகவே இருந்தது.

“மிஸ், நீங்க சொல்லும்போது எனக்குக் கோவம் கோவமா வருது” என்றாள். “உங்க மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. ஆனா வருது. ஏன் மிஸ்?”

தண்ணீர் குடித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டேன்.

மேற்கே காற்று வேறு ஆரம்பித்துவிட்டது. மே கடைசியில் அந்தப் பக்கம் அடிக்கிற காற்றைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், துவைத்துக் காயப்போட்ட துணி கோவில்பட்டியில் போய் விழும். காற்றாலைகள் எல்லாம் மேற்கே திரும்பி வேகமாகச் சுற்றத் தொடங்கின. காட்சிக்கு முதல் நாள் மறுபடி செல்வினிடம் போனேன். காற்று குறையட்டும், பத்து நாள் தள்ளிப்போடு என்று கெஞ்சினேன். நான் கெஞ்சி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

“சென்னையில இருந்து ஆளுங்க கிளம்பிட்டாங்க மேடம். நாளைக்கு இது நடந்தா, அடுத்த கோடையில முப்பது ஊர்ல முகாம். எல்லாப் பிள்ளைக்கும் உங்க கை.” கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்தினான். “சரி, உங்க பேச்சுக்கே வர்றேன். உங்க கையை ஏன் எடுத்தோம் தெரியுமா? அந்த விபத்து விசாரணை அறிக்கை. ‘துணை விமானி சொன்ன உடனே கேப்டன் செயல்பட்டார்’னு அரசாங்கமே எழுதியிருக்கு. அதை வச்சுத்தான் அனுமதியே வாங்கினோம். இப்ப கை நிக்குதுன்னு நீங்க சொன்னா, அந்த அறிக்கை பொய்யின்னு ஆகும். பொய்யா மேடம்?”

அவன் கிண்டலுக்குத்தான் கேட்டான். ‘அதெப்படிப் பொய்யாகும்’ என்று நான் சொல்லிவிட்டு எழுந்து போவேன் என்று எதிர்பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே முப்பிடாதி அந்த வெள்ளை விமானத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் துடைக்கச் சொல்லவில்லை.

“ஆமா, பொய்” என்றேன்.

செல்வின் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

“வைரவன் நேரத்துக்குச் சொன்னான். நான்தான் நாலு விநாடி நின்னேன். சின்னப் பையன் சொல்லி நான் கேக்கறதான்னு நின்னேன். ஒரு உயிர் போச்சு. பழியை அவன் தலையில போட்டேன். பேப்பர் குடு, எழுதித் தர்றேன். நீ அனுப்பலேன்னா நானே அனுப்புவேன்.”

“உங்க பேரு என்னாகும்னு தெரியுமா? இதை எழுதினா கேசு நடக்கும் மேடம், ஜெயிலுக்குக்கூடப் போகலாம்.”

“தெரியும்.”

“முகாம் போச்சு. அந்தப் பொண்ணுக்குச் சீட்டு போச்சு.”

“அதுவும் தெரியும். குடுய்யா பேப்பரை!”

அரைப் பக்கம்கூட வரவில்லை. பதினோரு வருடம் சுமந்தது அரைப் பக்கம்தான்.

காட்சி நின்றது. மறுநாள் சென்னையிலிருந்து வந்தவர்கள் காரில் இருந்து இறங்காமலே திரும்பினார்கள். அதே கையுறைகளைத் தலைகீழாக ஓடவிட்டுப் பிள்ளைகளின் நரம்பில் ஏற்றியதை அழித்தார்கள். இரண்டு மணி நேரம்தான் ஆனது. நான் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். போய்விடுங்கள் என்றார்கள், போகவில்லை.

முப்பிடாதி எழுந்ததும் நேராக மாதிரி விமானத்துக்குப் போனாள். ஓட்டிப் பார்த்தாள். விமானம் தறிகெட்டு ஆடி, கவிழ்ந்தது. இன்னொரு தடவை. அதுவும் கவிழ்ந்தது. இறங்கி என் முன்னால் வந்து நின்றாள்.

“எல்லாரும் சொல்லுதாவ. நெசமா மிஸ்? அந்தக் கோவம் உங்களுதா?”

“ஆமாம்மா.”

“உங்க தப்புக்கு எங்கைய ஏன் புடுங்குனிய?” அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள். “நீங்க மொதல்லயே சொல்லிருந்தா, வேற நல்லவுக கைய எடுத்திருப்பாவல்லா? எங்கப்பா ஊரு பூராச் சொல்லிட்டாவ மிஸ்.”

“நீ கேள்வி கேக்கற பொண்ணு. கையுறை இல்லாமலே படிப்பே. நான் சொல்லித் தர்றேன், ஒண்ணுல இருந்து—”

“நீங்க சொல்லித் தர வேண்டாம்.”

அவளுடைய அப்பா வந்து பெட்டியை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு வைரவனின் எண்ணைத் தேடினேன். காரைக்குடியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துவதாகச் சொன்னார்கள். விசாரணை அதிகாரி மூலம் தெரிவதற்கு முன்னால் என் வாயால் தெரியட்டும் என்று நினைத்தேன். என்னென்ன வசவு விழும் என்று எனக்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எதற்கும் தயாராகத்தான் போன் போட்டுப் பெயரைச் சொன்னேன்.

“மேடம்! நல்லாருக்கீங்களா? முழங்கால் எப்படி இருக்கு?” என்றார். அந்தக் காலத்திலேயே எனக்கிருந்த வலியைத்தான் முதலில் கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். கையுறை, பிள்ளைகள், நான்கு விநாடி, எழுதிக் கொடுத்தது. குறுக்கே ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கேட்டார்.

“வைரவன், திட்டணும்னா திட்டிருங்க. உங்களுக்கு உண்மை தெரியும், தெரிஞ்சும் அன்னைக்கு எனக்காக வாயை மூடிக்கிட்டீங்க—”

“இல்ல மேடம்” என்றார். “எனக்குத் தெரியாது. நான் நேரத்துக்குத்தான் சொன்னேன்னு அன்னைக்கு நெனச்சேன். அப்புறம் நீங்க லேட்டுன்னு சொன்னீங்க. மங்கை மேடம் ஏன் பொய் சொல்லப் போறாங்க, நாமதான் பயத்துல லேட்டாச் சொல்லிட்டோம்னு நெனச்சுக்கிட்டேன். வருஷா வருஷம் அந்த டீச்சர் வீட்டுக்குப் போய், அவங்க பிள்ளைங்க கால்ல விழுந்துட்டு வர்றேன் மேடம். பதினோரு தடவ போயாச்சு.”

போனில் அவருக்குப் பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது, அவர் மனைவியாக இருக்க வேண்டும். “யாரு? அந்தம்மாவா? இப்ப என்னவாம்? வைங்க போனை!”

“இரு இரு, நீயும் கேளு. ஸ்பீக்கர்ல போடுறேன்” என்றார் அவளிடம். பிறகு என்னிடம், ஏழு மாதத் துணை விமானியாக இருந்தபோது பேசிய அதே பணிவோடு கேட்டார். “அப்ப நான் நேரத்துக்குத்தான் சொன்னேனா மேடம்?”

“நேரத்துக்குத்தான் சொன்னீங்க வைரவன். நான்தான் கேக்கல.”

“மேடம்... இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொன்னேன்.